பின்னால் வரும் சத்தம்

மறுபடியும் அந்த ஹெலிகாப்டர். இடது பக்கத்துச் சுவரில் கிளம்பி, தலைக்கு மேலே வந்து, பின்னந்தலையில் சற்று நின்று யோசித்து, வலது காதை உரசிக்கொண்டு போகிறது. தொலைந்தது என்று மூச்சு விடுவதற்குள் விற்பனைக்காரர் ரிமோட்டை அமுக்கி அதைத் திரும்பக் கூட்டி வருகிறார். “இப்ப கவனிங்க சார், பின்னாடி வரும்.” வரட்டும். ஆனால் எதற்கு வர வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை. படத்தில் ஹெலிகாப்டர் இருந்தால் அது திரையில் இருக்கட்டும், முன்னால் பார்த்துக்கொள்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் அதற்கு என்ன ஜோலி? வெளியே ஈரோட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த அறைக்குள் காய்கறியை வைத்திருப்பதுபோல் எங்களைக் குளிரில் வைத்திருக்கிறார்கள். கறுப்புச் சுவர், கறுப்புத் தரைவிரிப்பு, கறுப்பு சோஃபா. கால் விரல் விறைத்துவிட்டது. பக்கத்தில் என் தம்பி பூபதி சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். சாமி கும்பிடும்போதுகூட இப்படிக் கண்ணை மூட மாட்டான். அவன் புருவம் ஹெலிகாப்டர் கூடவே இடமிருந்து வலமாகப் போகிறது. நாற்பதைத் தாண்டிய ஆள், பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள், இன்னும் நல்ல சத்தம் கேட்டால் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதே எரிச்சலாகவும் இருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கு நான் அவன்மேல் கோபமாக இருக்க வேண்டிய நாள்.

வாங்க வந்தது ஒரு ஹோம் தியேட்டர், அவ்வளவுதான். வீட்டு ஹாலில் இருந்த பழைய செட் போன மழையில் இடி விழுந்து கருகிப்போனது. புதிது வாங்கலாம் என்றால் அதற்கு இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, எல்லாம் உள்ளேயே அடங்கிய ஒரே பெட்டி. டிவிக்குக் கீழே நீளமாக வைத்து, ஒரு வயரைச் செருகி, ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இன்னொன்று, எல்லாம் தனித்தனி. ஆம்ப்ளிஃபயர் தனி, முன்னால் மூன்று ஸ்பீக்கர் தனி, பின்னால் இரண்டு தனி, தரையை அதிர வைக்கிற பெட்டி தனி, அதற்கும் இதற்கும் ஓடுகிற வயர்கள் தனி. ஒரே பெட்டி போதும் என்றேன் நான். தனித்தனியாக வேண்டும் என்கிறான் இவன். ஆடி முடிந்ததிலிருந்து இதே பேச்சு. சாப்பிடும்போது, காரில், ஆபீசில், எங்கே பார்த்தாலும். “அண்ணா, ஒரே பெட்டின்னா ஒண்ணு போனா எல்லாமே போச்சுங்க. தனித்தனின்னா போனத மட்டும் மாத்திக்கலாம், மத்ததெல்லாம் அதும்பாட்டுக்குப் பாடிக்கிட்டிருக்கும்.” நியாயம்தான். இவன் சொல்வது எப்போதுமே நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் இவனோடு இருக்கிற கஷ்டம். எங்கள் போர்வெல் தொழிலுக்கு இரண்டாவது ரிக் வண்டி வாங்கும்போதும் இதே தகராறுதான். துளை போடுகிற எந்திரமும் காற்றடிக்கிற கம்ப்ரசரும் ஒரே லாரியிலா, இரண்டு லாரியிலா என்று. நான் ஒன்று என்றேன், இவன் இரண்டு என்றான், இரண்டு வாங்கினோம், இவன் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாக யோசித்துப் பார்க்கிறேன், துளிக்கூட வரவில்லை. இப்போது ‘தனித்தனியா’ என்று இவன் வாய் திறந்தாலே எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது.

எல்லாம் என் மனைவி சுலோச்சனா போட்ட விதை. போன வாரம் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “உங்க தம்பி பொண்டாட்டி அவங்கம்மாகிட்டப் பேசிட்டிருந்தா. ரெண்டு ரூம்பு இருந்தாப் போதும்மா, நாங்க மூணு பேருதானேங்கறா” என்றாள். என்ன ரூம்பு, எங்கே ரூம்பு என்றேன். எனக்கென்ன தெரியும், காதுல விழுந்ததச் சொன்னேன் என்று மடித்த வேட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெண்களுக்கு இது ஒரு கலை. பாம்பைக் கூடைக்குள் விட்டுவிட்டு மூடியையும் போடாமல் போவது. அன்றிலிருந்து நான் எதைப் பார்த்தாலும் அதில் இரண்டு ரூம்பு தெரிகிறது. பூபதியின் மனைவி வாசுகி புதிதாகக் குக்கர் வாங்கினாள். வீட்டில் இருப்பது போதாதா, எதற்குச் சின்னக் குக்கர்? பூபதி செல்போனை முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் மல்லாக்க வைப்பான், இப்போது கவிழ்த்து வைக்கிறான். நிலானி, அவன் மகள், “பெரியப்பா, கோயம்புத்தூர் ஸ்கூல்ல நீச்சல் குளம் இருக்குதாமா” என்று கேட்டாள். திருச்செங்கோட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கோயம்புத்தூர் பள்ளிக்கூடத்து நீச்சல் குளம் எதற்கு? கேட்டுவிடலாம். இப்போதே, இந்த இருட்டிலேயே, ஏண்டா தனியாப் போறயா என்று ஒரு வார்த்தை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்றுதான் வாய் வரவில்லை. கேட்காத வரைக்கும் அவன் மேல்மாடியில் இருக்கிறான், நான் கீழே இருக்கிறேன், எங்கள் ரிக் வண்டியின் கதவில் ‘அர்த்தநாரி பூபதி போர்வெல்ஸ்’ என்று என் பெயரையும் அவன் பெயரையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறது. துளை போட எங்கள் வண்டியைக் கூப்பிடுகிற சத்தீஸ்கர்க்காரர்கள் அதை ஒரே ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அர்த்தநாரி பூபதி சாப் இருக்காரா என்று போன் செய்வார்கள். யார் எடுத்தாலும் நான்தான் என்போம். இத்தனை வருஷமாக அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

“சார், இப்ப ஒரே பெட்டியப் போட்டுக் காட்டறேன், வித்தியாசத்தப் பாருங்க.” விற்பனைக்காரருக்குச் சளி பிடித்திருக்கிறது, வித்தியாசம் என்பது அவர் மூக்கில் மாட்டிக்கொண்டு வருகிறது. ஹெலிகாப்டர் இப்போது முன்னாலேயே சுற்றுகிறது. சாதுவாக, திரைக்குள்ளேயே. எனக்கு இது போதும். சத்தியமாகப் போதும். பூபதி கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்குகிறான். “பாத்தீங்களாண்ணா? பின்னாடி ஒண்ணுமே இல்ல. செத்துக் கெடக்குது.” ஆமாம், செத்துக் கிடக்கிறது, எனக்கும் கேட்கிறது, நான் செவிடன் இல்லை. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒப்புக்கொண்டால் அந்த வயர்கள் வீட்டுக்குள் வரும். எனக்கும் வயருக்கும் ஆகாது. பழைய செட்டுக்குப் பின்னால் இருந்த வயர்க்கொத்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை. படம் தெரிந்து சத்தம் வரவில்லையென்றால் மாடிப்படிக்குக் கீழே நின்று “பூபதீ” என்று ஒரு கத்தல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவான், டிவிக்குப் பின்னால் தலையை விடுவான், “இப்ப வருதுங்களா? இப்ப?” என்பான், வந்துவிடும். ஒரு தடவை அவன் ரிக்கோடு மத்தியப் பிரதேசத்துக் காட்டில் இருந்தபோது செட் மக்கர் பண்ணியது. போனில் சொன்னான், செவப்ப எடுத்து செவப்புல குத்துங்கண்ணா, வெள்ளைய வெள்ளைல குத்துங்க என்று. குத்தினேன். இருந்த கொஞ்ச நஞ்ச சத்தமும் போனது. அவன் திரும்பி வருகிறவரை வீடே ஊமைப்படம் பார்த்தது. யார் என்ன பேசுவார்கள் என்று நிலானிதான் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், வில்லன் வந்து அடை சாப்பிடலாமா என்று கேட்பான், கதாநாயகி பொடி இல்லை என்று அழுவாள். சுலோச்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேறொரு ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்திருக்கலாம், எங்கள் தெருவிலேயே கடை இருக்கிறது. ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு சற்று இளகி, போகட்டும், அவன் ஆசைப்படுகிறான், தனித்தனியே வாங்கித் தொலைக்கலாம் என்று வாயைத் திறக்கப்போன நேரத்தில்தான் அவன் விற்பனைக்காரரிடம் அதைக் கேட்டான். “ஏங்க, இதுல ரெண்டு ஸ்பீக்கர மட்டும் கழட்டி வேற எடத்துல, சின்ன ரூம்புல போட்டாப் பாடுமுங்களா?” ஆம்ப்ளிஃபயர் ஒன்று சின்னதாகத் தனியாக வாங்கினால் தாராளமாகப் பாடும் என்கிறார் அவர். அதுதான் சார் செப்பரேட்ஸ்ல இருக்கற வசதி, எப்ப வேணும்னாலும் பிரிச்சுக்கலாம். எப்ப வேணும்னாலும். அப்படியென்றால் இதுதான் விஷயம். இடி விழுந்த செட்டுக்கு மாற்று வாங்க வரவில்லை இவன், பாகம் பிரிக்கிறபோது சிக்கல் இல்லாமல் இருக்க இப்போதே வசதி பார்க்கிறான். முன் ஸ்பீக்கர் உனக்கு, பின் ஸ்பீக்கர் எனக்கு. ஒரே பெட்டியென்றால் அறுத்தா எடுத்துக்கொண்டு போக முடியும்? ரத்தம் காது மடலுக்கு ஏறுகிறது. “எதுக்குடா சின்ன ரூம்புக்கு?” என்கிறேன். “சும்மா கேட்டேனுங்க” என்கிறான், என்னைப் பார்க்காமல். சும்மா. இவன் சும்மா கேட்கிற ஆள் இல்லை. பாறையில் துளை இறங்கும்போது சத்தத்தை வைத்தே அடுத்தது மண்ணா கல்லா என்று சொல்கிறவன், சும்மா எதையும் கேட்க மாட்டான். “எனக்கு ஒரே பெட்டிதான்” என்கிறேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, விற்பனைக்காரர் ஹெலிகாப்டரை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதும் அறையில் ஒன்றுமே இல்லை. ஏசி மட்டும் உஸ்ஸென்று. பூபதி வாதாட ஆரம்பிக்கிறான், அவன் பாணியில், பொறுமையாக, விரலை மடக்கி மடக்கி. நம்ம ஹால் பெருசுங்க, கூரை உசரம், ஒரே பெட்டியோட சத்தம் சோஃபாவுக்கே வந்து சேராது. அண்ணி சமையல்கட்டு வாசல்ல நின்னுதான் பாதிப் படம் பாக்கறாங்க, அவங்களுக்குப் பேச்சே கேக்காது. பின் ஸ்பீக்கர் ஒண்ண அங்க வச்சாத்தான் கேக்கும். வயர நான் சொவத்தோரமா பைப்புக்குள்ள விட்டுக் கண்ணுக்கே தெரியாமப் பண்ணித் தர்றனுங்க. உங்க சாய்வு நாற்காலி எங்க இருக்குதோ அதுக்கு நேராத்தான் அளவு வைப்பேன். எல்லாம் சரி. இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான். சுலோச்சனா நிற்கிற இடம், நான் உட்கார்கிற இடம். அதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது, இவ்வளவு அக்கறையையும் காட்டிவிட்டு இரண்டு ரூம்புக்குப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்று. முடியாது என்கிறேன். காரணம் கேட்கிறான். வயர் என்கிறேன். வயர நான் பாத்துக்கறனுங்க என்கிறான். எனக்குப் புடிக்கல என்கிறேன். “ஏனுங்கண்ணா, சின்னப் புள்ளையாட்டம்” என்று சிரிக்கிறான். அவன் சிரிப்பில் எங்கள் அப்பா இருக்கிறார், அதையும் என்னால் தாங்க முடியவில்லை. அப்போது அவன் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறான். “வாசுகிங்க. சித்தெ இருங்க, வந்தர்றேன்” என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறான்.

கதவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் அவன் நடப்பது தெரிகிறது. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடரியைத் தடவிக்கொண்டு. சத்தம் வராத படம். நிலானி இருந்தால் இட்டுக்கட்டிச் சொல்லுவாள், அப்பா என்ன பேசறாங்கன்னா அடைக்குப் பொடி வாங்கிட்டு வரட்டுமான்னு. நானே முயன்று பார்க்கிறேன். காரட் வாங்கிட்டு வாங்க என்கிறாள் வாசுகி. சரி என்கிறான். பாப்பாவுக்கு இருமல் என்கிறாள். மருந்து கொடு என்கிறான். இவ்வளவுதான் இருக்கும். புருஷன் பெண்டாட்டி போனில் வேறென்ன பேசப்போகிறார்கள்? நான் ஒரு சந்தேகப் பிராணி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வராது என்று பயந்தேன், வந்தது. முதல் ரிக் வாங்கியபோது தொழில் படுத்துவிடும் என்று பயந்தேன், படுக்கவில்லை. எதற்கெல்லாம் பயந்தேனோ அது எதுவும் நடந்ததில்லை, ஆகவே இதற்கும் பயந்து வைப்பது நல்லதுதான். விற்பனைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, “தம்பிங்களா சார்? நல்லா விஷயம் தெரிஞ்சவரு” என்கிறார். ஆமாம் என்கிறேன். “ஒரே வீடா?” அதை எதற்கு இவர் கேட்கிறார்? ஒரே வீடு என்கிறேன், ஒரே வீடுதான், கீழே நான், மேலே அவன், அடுப்பு ஒன்று. அடுப்பு ஒன்று என்று ஸ்பீக்கர் விற்கிறவரிடம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியே பூபதி போனை அணைத்துவிட்டு அங்கேயே நிற்கிறான். உள்ளே வரவில்லை. எதிரே அடுக்கியிருக்கிற வாஷிங் மெஷின்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

வந்து உட்காரும்போது சோஃபாவின் நுனியில் உட்காரவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறான். “அண்ணா, நீங்க சொன்ன ஒரே பெட்டியே எடுத்துக்கலாமுங்க.” எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் உள்ளே ஒரு துள்ளல், கபடியில் கோட்டைத் தொட்டுவிட்ட மாதிரி. ஜெயித்தேன். பார்த்தாயா, பிரிக்க முடியாத சாமானுக்குச் சம்மதித்துவிட்டான், சுலோச்சனா கேட்டது எதுவோ, நான் கட்டிய கோட்டை எதுவோ. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். விற்பனைக்காரர் பில் போடட்டுமா என்று எழுந்துவிட்டார். போடுங்க என்று சொல்ல வாயெடுக்கிறேன், அங்கே ஏதோ இடறுகிறது. இவன் ஏன் விட்டுக்கொடுத்தான்? ஆடியிலிருந்து மல்லுக்கட்டியவன், விரலை மடக்கி மடக்கிப் பேசியவன், நம் ஹாலின் கூரை உயரம் வரை கணக்கு வைத்திருந்தவன், ஒரு போன் பேசிவிட்டு வந்து ஏன் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்? சண்டை போட்ட வரைக்கும் அது அவன் ஹால். அவன் காது. அவன் உட்கார்ந்து கேட்கப்போகிற ஹெலிகாப்டர். நான் எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஏண்டா?” என்கிறேன். “உங்களுக்கு அதுதானுங்க சௌரியம். நீங்கதானே பாக்கப்போறீங்க” என்கிறான்.

நீங்கதானே. நாமதானே என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். “வீடு அமைஞ்சிருச்சுங்கண்ணா” என்கிறான், தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு. “கோயம்புத்தூர்ல. பாப்பா ஸ்கூலுக்குப் பக்கத்துல. அமையாதுன்னுதான் நெனச்சேன், அமையலேன்னா விட்டர்லாம்னு இருந்தேன். இப்பத்தான் வாசுகி சொன்னா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. தொழில் ஒண்ணாத்தானுங்க இருக்கும், நான் வாராவாரம் வந்தர்றேன்.” எனக்கு அவன் பேசுவது தூரத்தில் கேட்கிறது. முன்னால் அவன் குரல், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேலே நிலானி ஓடுவாள், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, பிறகு படிக்கட்டில் தடதடவென்று என் முதுகுக்குப் பின்னால் இறங்குவாள். வாசுகி வாளியை நகர்த்துவது கேட்கும். இவன் தும்முவது கேட்கும், ஒரு தும்மல் போதாது இவனுக்கு, வரிசையாகப் போடுவான். திரும்பிப் பார்க்காமலே யார் எங்கே என்று எனக்குத் தெரியும். இனிமேல் டிவி முன்னால் பேசும், சுலோச்சனா எப்போதாவது பேசுவாள், பின்னால் செத்துக் கிடக்கும். எனக்கு அழுகை வருகிறது. இந்த அறை இருட்டாக இருப்பது ஒன்றுதான் இன்றைக்கு நடந்த நல்ல காரியம். போடா என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது, போகாதேடா என்றும், பிள்ளை படிப்புக்குப் போகிறவனைத் தடுக்கிற அண்ணன் எவன் என்றும். வாயில் வருவதோ வேறு. “அந்தச் சின்ன ரூம்பு ஸ்பீக்கரு அங்க போடத்தானா?” என்கிறேன். “இல்லீங்க” என்கிறான். “மாடில நாங்க இல்லாதப்போ வீடு வெறிச்சுன்னு இருக்குமே, கீழ அண்ணி தூங்கற ரூம்புல ரெண்டு போட்டா அவங்களுக்குப் பாட்டு கேக்கலாமேன்னு.”

“சார், அப்ப ஆல் இன் ஒன் பில் போட்டரட்டுங்களா?” விற்பனைக்காரர் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நிற்கிறார்.

“வேண்டாங்க” என்கிறேன். “தனித்தனியாவே போட்டுருங்க. எல்லாமே.”

பூபதி நிமிர்கிறான். “அண்ணா, அது வயர் ஜாஸ்தியாச்சுங்களே. ஒண்ணு கழண்டாக்கூட உங்களுக்கு மாட்டத் தெரியாது.”

“தெரியாது” என்கிறேன். “நீ வந்துதான் மாட்டோணும்.”

அவன் பிடரியைத் தடவிக்கொள்கிறான். வயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று விற்பனைக்காரர் கேட்கிறார். இருப்பதிலேயே நீளமானதை எடுக்கச் சொல்கிறேன்.